வெள்ளைப் பட்டை ஓட்டாத வாரம்

சோதனை இயந்திரத்தின் குழாயைப் பாதுகாப்பது எப்படி என்று ஒரு பக்கம் எழுதித் தரும்படி, நான் ஓய்வு பெற்ற பரிசோதனைக் கூடத்திலிருந்து போன மாதம் கேட்டார்கள். புதிதாக வந்திருக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டவேண்டுமாம். ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது, பாயிண்ட் பாயிண்டாக இருக்கவேண்டும் என்று நிபந்தனை வேறு. பதினோரு பாயிண்ட் எழுதிக் கொடுத்தேன். லேமினேட் செய்து ஒட்டி, போட்டோவும் அனுப்பினார்கள். அதில் ஏழாவது, "சாயம் ஏறாத வெள்ளைப் பட்டு நூலை ஓட்டிப் பார்க்காமல் எந்த சாம்பிளையும் ஃபெயில் என்று எழுதக் கூடாது" என்பது. அங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் போனில் கேட்டாள்: "மேடம், செவன்த் பாயிண்ட மட்டும் ஏன் ரெட் இங்க்ல எழுதியிருக்கீங்க?" அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை. எழுதினால் வருகிறதா பார்க்கிறேன்.

காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவர்களை உலகத்துக்கே தெரியும். பட்டைச் சோதிக்கிறவர்கள் என்று ஒரு கூட்டம் இருப்பது பக்கத்துத் தெருவுக்கே தெரியாது. வெளிநாட்டுக்குப் போகும் பட்டில் சில வகைச் சாயங்கள் இருக்கக் கூடாது. அவை உடைந்தால் அமீன் என்ற சரக்கு பிரியும், அது புற்றுநோய் வரவழைக்கும். ஆகவே அனுப்புவதற்கு முன் சேலையிலிருந்தோ நூலிலிருந்தோ கொஞ்சம் எங்களிடம் வரும். அதை நறுக்கி, மருந்தில் ஊறவைத்துச் சாயத்தை உடைத்து, இறங்கிய சாற்றில் துளியிலும் துளியாக எடுத்து ஜி.சி. இயந்திரத்துக்குள் ஊசியால் ஏற்றுவோம்.

இயந்திரத்தின் வயிற்றில் ஓர் அடுப்பு. அதற்குள் முப்பது மீட்டர் நீளக் கண்ணாடிக் குழாய் ஒன்று, வளையல் அடுக்கு மாதிரி சுருட்டி மாட்டியிருக்கும். தையல் நூல் கனம்தான் இருக்கும். அதன் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு. சாறு ஆவியாகி ஹீலியம் வாயுவோடு அதற்குள் ஓடும்போது ஒவ்வொரு சரக்கும் அந்தப் பூச்சில் ஒட்டி, விட்டு, ஒட்டி, வெவ்வேறு நிமிடத்தில் வெளியே வரும். வந்ததும் திரையில் ஓடும் கோட்டில் முகடு மாதிரி ஒரு பீக் எழும்பும். எந்த நிமிடத்தில் எழும்புகிறது என்பதையும், வெளியே வந்த சரக்கை இயந்திரம் உடைக்கும்போது அது சிதறும் விதத்தையும் வைத்து இன்ன சரக்கு என்று சொல்வோம். அந்தக் குழாய்க்கு ஆங்கிலத்தில் column என்று பெயர், அதைத் தமிழில் 'காலம்' என்று எழுதினால் படிப்பவர்கள் காலண்டரைத் தேடுவார்கள். குழாய் என்றே வைத்துக்கொள்வோம்.

நான் இந்த ஊர்ப் பெண். வேதியியல் பட்டம் வாங்கி, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில் சில வருடம் பாட்டில் கழுவி, கரைசல் கலந்து, திட்டு வாங்கி, சொந்த ஊரில் இந்தக் கூடம் திறந்ததும் வந்து சேர்ந்தேன். பயிற்சி என்று பெயருக்கு இருந்தது அவ்வளவுதான். உண்மையான பயிற்சி, சேர்ந்த மூன்றாவது மாதம் நான் ஒரு குழாயை எரித்ததிலிருந்து தொடங்கியது.

வாயு சிலிண்டரை மாற்றிய நாள் அது. புது சிலிண்டரைப் பொருத்தினேன், வால்வைத் திறக்க மறந்தேன், அடுப்பை மட்டும் இருநூற்று எண்பது டிகிரிக்கு ஏற்றினேன். வாயு ஓடாத குழாய்க்குள் காற்று புகுந்தால், அந்தச் சூட்டில் உள்பூச்சு தீய்ந்துவிடும். அரைமணி நேரத்தில் தீய்ந்துவிட்டது. விலை எனக்குத் தெரியும். அழுதுகொண்டே போய் ராஜகோபால் சாரிடம் சொன்னேன்.

ராஜகோபால் சார் எங்கள் கூடத் தலைவர். காலையில் வந்ததும் நாற்காலிக்குப் போகமாட்டார். சிலிண்டர்களிடம் போவார். ஒவ்வொன்றின் முள்ளையும் பார்த்து, சுவரில் சாக்பீஸால் எண்ணை எழுதுவார். பிறகு அடுப்புக் கதவைப் புறங்கையால் தொடுவார், காய்ச்சல்காரக் குழந்தையின் கழுத்தைத் தொடுகிற மாதிரி. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கூட்டுகிற அம்மாவையும் "நீங்க" என்றுதான் சொல்வார். என்னை எப்போதும் "விஜயா" என்பார். கோபம் வந்தால் மட்டும் "விஜயா மேடம்" ஆகிவிடும்.

குழாயை எரித்த அன்று "மேடம்" வரவில்லை. "அழுது முடிச்சிட்டீங்களா? சரி, கழட்டுங்க. உள்ள எப்படி இருக்குன்னு பார்த்துடலாம்" என்றார். கழற்றி, வெட்டி, கருகிய இடத்தைக் காட்டினார். மறுநாள் என் கையில் ஒரு நோட்டைக் கொடுத்தார். குழாய் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பக்கம். எந்த நாள் மாட்டினோம், எத்தனை ஊசி ஏறியது, எப்போது வெட்டினோம், எவ்வளவு நீளம் வெட்டினோம் எல்லாம் எழுதவேண்டும். "நான் கேட்டா நோட்டப் பார்த்துச் சொல்லணும். ஞாபகத்துலேருந்து சொல்லக் கூடாது" என்றார்.

வெட்டுவது என்றேனே, அதுதான் எங்கள் தொழிலில் நுட்பமான இடம். பட்டுச் சாற்றில் மெழுகும் எண்ணெயும் கொஞ்சம் இருக்கும். சாயக்காரர்கள் நூல் மினுங்குவதற்காக எண்ணெய் தொடுவார்கள். அந்தப் பிசுக்கு ஆவியாகாமல் குழாயின் வாயிலேயே படிந்துவிடும். அதைத் தடுக்கத்தான், வாசலில் மிதியடி போடுகிற மாதிரி, உள்பூச்சு இல்லாத வெறுங்குழாயை முன்னால் ஒரு துண்டு இணைப்போம். அழுக்கெல்லாம் அதில் தங்கும். அதையும் மீறிப் படிந்தால் முன்பக்கத்தில் ஒரு சுற்று வெட்டி எறியவேண்டும். முதலில் நட்டைக் கோக்கவேண்டும், பிறகு அடைப்பு வளையத்தை, அதற்குப் பிறகுதான் வெட்டு. முறை மாறினால் வளையத்தின் தூள் குழாய்க்குள் போய்விடும். பீங்கான் சில்லால் மெல்ல ஒரு கீறல் போட்டு, விரலால் லேசாக வளைத்தால் 'டிக்' என்று உடையும். உடைந்த முனை நேராக இருக்கிறதா என்று பார்க்க வெளிநாட்டு லென்ஸ் ஒன்று உண்டு. சார் அதைத் தொடமாட்டார். நெய்த துணியில் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணுவார்களே, அந்த மடக்கு லென்ஸைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். அதில் பார்த்துவிட்டு, "பல்லு இருக்கு, இன்னொரு தடவை" என்பார். ஒருமுறை எட்டுத் தடவை வெட்டவைத்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. எட்டாவது வெட்டு கண்ணாடி போல இருந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

வெட்டுக்கு அடுத்தபடி அவர் விடாப்பிடியாக இருந்தது பிளாங்க் விஷயத்தில். பிளாங்க் என்றால் வெறும் ஓட்டம். சாம்பிள் இல்லாமல் இயந்திரத்தை ஓட்டி, அது சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பது. மற்ற இடங்களில் கரைப்பானை மட்டும் ஏற்றிப் பார்த்துவிட்டு திருப்திப்படுவார்கள். சாருக்கு அது போதாது. சாயம் தொடாத வெள்ளைப் பட்டை எடுத்து, சாயம் போட்ட பட்டுக்குச் செய்கிற எல்லாவற்றையும் அதற்கும் செய்து, அந்தச் சாற்றை ஓட்டவேண்டும் என்பார். "வெறும் கரைப்பான் சும்மா வழுக்கிக்கிட்டுப் போயிடும் விஜயா. பட்டுச் சாறுதான் உள்ள இருக்கிற பழைய அழுக்கப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வரும்." பட்டுச் சாற்றுக்கு அரைநாள் வேலை. கரைப்பானுக்கு அரைமணி நேரம்.

இனி அந்த வாரத்துக்கு வருகிறேன்.

தை மாத முகூர்த்தங்களுக்காகச் சேலைகள் குவிந்த சமயம். மேசை மேல் சாம்பிள் உறைகள் அடுக்கடுக்காக இருந்தன. இணைக்கிற வெறுங்குழாய்த் துண்டு தீர்ந்துபோய், புதியது வராததால் அது இல்லாமலே ஓட்டிக்கொண்டிருந்தோம். பீக்குகள் வால் நீட்ட ஆரம்பித்திருந்தன. அழுக்கு சேர்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். நியாயமாக நான் நிறுத்தி, வெட்டி, ஊசி ஏறும் இடத்தில் இருக்கும் கண்ணாடிக் குழலையும் மாற்றியிருக்கவேண்டும். அதற்குப் பாதி நாள் போகும். நான் அடுப்பை உச்சச் சூட்டில் இரண்டு மணி நேரம் விட்டேன். அழுக்கு எரிந்து ஓடிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அழுக்கு இன்னும் உள்ளே தள்ளப்படும். எனக்கு அது தெரியாததல்ல.

அந்த நிலையில்தான் யாரோ அனுப்பிய மட்டமான சாயப்பொடி ஒன்றை ஏற்றினேன். விஷ அமீன் அதில் வழிந்தது. அடுத்ததாக ஏற்றியது பக்கத்து ஊரான ஐயம்பேட்டையின் சாயக்காரர் ஏகாம்பரத்தின் அரக்குப் பட்டு நூல். அதே அமீன், கொஞ்சமாக, ஆனால் எல்லைக்கு மேலே வந்தது. பிளாங்க் பார்த்தேன். கரைப்பான் பிளாங்க். சுத்தம். வெள்ளைப் பட்டு கூடத்தில் தீர்ந்து நாலு நாள் ஆகியிருந்தது. பதிவேட்டில் "பிளாங்க் சரி" என்று எழுதினேன், எந்த பிளாங்க் என்று எழுதவில்லை. ஃபெயில் என்று அறிக்கை போய்விட்டது. தெருவுக்கு நாலு வீட்டில் பட்டு கிடக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு வெள்ளைப் பட்டு இல்லை என்று நான் இருந்தேன்.

மூன்றாம் நாள், வியாழக்கிழமை மதியம், ஏகாம்பரமே வந்துவிட்டார். ஐம்பது வயது இருக்கும். விரல் நகமெல்லாம் அரக்கு. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஏற்றுமதி செய்யும் சாதிக் பாய் அவருக்கு நூல் கொடுப்பதை நிறுத்திவிட்டார் என்பது எனக்குத் தெரியும். அதற்காகச் சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்து நானும் கொஞ்சம் விறைப்பாகத்தான் எழுந்தேன்.

"உக்காருங்க அண்ணா. ரிப்போர்ட் பத்தின்னா எழுதித்தான் கேக்கணும்" என்றேன்.

"வேலைக்காக வரலமா. வேலை போனா போவுது, இன்னொண்ணு வரும்" என்றார். "என் தம்பி இருக்கறான், தணிகாசலம்னு. சாயப்பொடி வாங்கிக்கினு வர்றதெல்லாம் அவன்தான். நல்ல பொடி வாங்கச் சொன்னா மட்டப் பொடி வாங்கிட்டு என்கிட்ட மறைச்சிட்டான்னு நெனச்சிக்கினு இருக்கறேன். ஒங்க பேப்பரு வந்த அன்னிக்கி ஆளுங்க முன்னாடியே செருப்பக் கழட்டி அடிச்சிட்டேன்மா. கொழந்தையில இருந்து நான் தூக்கி வளத்தவன். அவன் சத்தியம் பண்றான், நான் வாங்கவே இல்லண்ணான்றான்."

தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"நீ படிச்ச பொண்ணு. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்தப் பேப்பரு கரீட்டா? கரீட்டுன்னா அவன் பொய் சொல்றான், நான் வூட்ட விட்டு அனுப்பிடறேன். இல்லன்னா நான் அவன் கால்ல வுழறேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுமா."

ஒரு நாள் பொறுங்கள் அண்ணா, இன்னொரு முறை பார்த்துச் சொல்கிறேன். இவ்வளவு சொல்லியிருந்தால் போதும். வால் நீட்டிய பீக்குகள் எனக்குத் தெரியும். வெட்டாத குழாய் தெரியும். எழுதாத பிளாங்க் தெரியும். ஆனால் பத்து வருடம் இதே இயந்திரத்தில் உட்கார்ந்த திமிர் ஒன்று இருக்கிறதே, அதுதான் பேசியது.

"மெஷின் பொய் சொல்லாது அண்ணா. ரிப்போர்ட் சரிதான்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "சரிம்மா" என்று தலையாட்டிவிட்டுப் போனார். செருப்பு மாட்டும்போது ஒரு கால் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

தன் அறையிலிருந்து எல்லாவற்றையும் சார் கேட்டிருக்கிறார். ஐந்து நிமிடம் கழித்துக் குரல் வந்தது. "விஜயா மேடம், கொஞ்சம் வர்றீங்களா?"

பதிவேடு அவர் மேசையில் திறந்திருந்தது. "பிளாங்க் சரின்னு எழுதியிருக்கீங்க. எந்த பிளாங்க் மேடம்?"

"கரைப்பான் பிளாங்க் சார்."

"வெள்ளைப் பட்டு?"

"ஸ்டாக் இல்ல சார்."

குழாய் நோட்டைக் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைசி வெட்டு எந்த நாள் என்று விரலை வைத்துப் பார்த்தார், மூடினார். அவரே வண்டியை எடுத்துக்கொண்டு போய், அரைமணி நேரத்தில் ஒரு நெசவாளர் வீட்டிலிருந்து சாயம் போடாத பட்டு நூல் வாங்கி வந்தார். சோப்புத் தண்ணீரில் வேகவைத்துப் பசை நீக்கி, அலசி, உலர்த்தினோம். காய்வதற்கே சாயங்காலம் ஆகிவிட்டது. மற்ற வேலை மறுநாள்தான்.

வெள்ளிக்கிழமை காலை நான் முதல் ஆளாகப் போனேன். குழாயைத் தொடவேண்டாம், அது இருக்கிறபடியே ஓட்டவேண்டும் என்று சார் சொல்லியிருந்தார். வெள்ளைப் பட்டை நறுக்கி, ஊறவைத்து, சாறு எடுத்து, ஏற்றினேன். ஓட்டம் முப்பது நிமிடம். அந்த அமீன் வரவேண்டிய நேரம் பதினேழாவது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. சார் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பதினைந்து. பதினாறு. கோடு தரையோடு போய்க்கொண்டிருந்தது. எதுவும் வராமல் இருக்கவேண்டும் என்று ஏகாம்பரேசுவரரை வேண்டிக்கொண்டேன். அப்படி வேண்டிக்கொண்டது அந்த அண்ணன் தம்பிக்காக அல்ல, எனக்காக. இதை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை.

பதினேழில் கோடு தலை தூக்கியது. சின்ன பீக். சாயத்தின் நிழல்கூடப் படாத வெள்ளைப் பட்டிலிருந்து விஷச் சாயத்தின் அமீன்.

பட்டில் இல்லாதது எங்கிருந்து வரும்? எங்கள் இயந்திரத்திலிருந்துதான். அந்த மட்டப் பொடியின் மிச்சம் உள்ளே ஒட்டிக்கிடந்து, பின்னால் வந்த பட்டுச் சாறுகளோடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவந்திருக்கிறது; ஏகாம்பரத்தின் நூலுக்குப் பிறகு வந்தவற்றில் அது எல்லைக்குக் கீழே இருந்ததால் என் கண்ணில் படவில்லை. கழற்றினோம். உள்கண்ணாடிக் குழலில் இருந்த பஞ்சு கருப்பட்டி நிறத்தில் இருந்தது. சார் மடக்கு லென்ஸை என் கையில் கொடுத்து, "நீங்களே பாருங்க" என்றார். குழாயின் வாயில் பிசுக்கு ஒரு விரல் நீளத்துக்குப் படிந்திருந்தது. இரண்டு சுற்று வெட்டி, புதுக் குழல் போட்டு, மறுபடி வெள்ளைப் பட்டை ஓட்டினோம். சுத்தம். ஏகாம்பரத்தின் நூலில் மிச்சம் வைத்திருந்ததைப் புதிதாக ஊறவைத்து ஓட்டினோம். அதுவும் சுத்தம்.

சார் உட்கார்ந்து தன் கையாலேயே எழுதினார். முந்தைய அறிக்கை தவறு, தவறு எங்கள் கூடத்தினுடையது, நூலில் குறை எதுவும் இல்லை என்று சுற்றி வளைக்காமல் மூன்று வரி. "தொழில்நுட்பக் காரணத்தால்" என்று போடலாமா சார் என்று நான் கேட்டேன். வெட்கம் கெட்டுப்போய்க் கேட்டேன். "தொழில்நுட்பம் போய் அவர்கிட்ட பதில் சொல்லலியே மேடம், நீங்கதானே சொன்னீங்க" என்றார். முதல் கையெழுத்தை அவர் போட்டார். கீழே நான் போட்டேன். சாதிக் பாய் அன்றைக்கே ஏகாம்பரத்துக்கு ஆள் அனுப்பினார், நூல் திரும்ப வர ஆரம்பித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐயம்பேட்டைக்கு நாங்கள் இரண்டு பேரும் போனபோது இரவு ஏழு மணி. பட்டறை வாசலில் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். காகிதத்தை நீட்டி, "அண்ணா, தப்பு எங்களோடது. என்னோடது. உங்க தம்பி பொய் சொல்லல" என்றேன்.

அவர் காகிதத்தை வாங்கவில்லை. "நேத்தே அனுப்பிச்சிட்டனேமா" என்றார். "நீ சரின்னு சொன்னியே, நேரா வூட்டுக்கு வந்து, கெளம்புடான்னேன். பைய எடுத்துக்கினு போயிட்டான்." பிறகு பட்டறைக்குள்ளே போய்விட்டார். உள்ளே அவர் அழுவது வெளியே கேட்டது. சாரும் நானும் அந்த வாசலில் நின்றுகொண்டே இருந்தோம்.

தணிகாசலம் எங்கே போனார் என்று தெரிய இரண்டு வாரம் ஆயிற்று. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றுகிறார் என்று தெரிந்ததும் சாரிடம் சொல்லிவிட்டு நான் மட்டும் பஸ் ஏறினேன். அண்ணன் போய்க் கூப்பிட்டும் அவர் வரவில்லையாம். காகிதத்தோடு நான் போனால் வருவார் என்று ஏகாம்பரத்துக்கு ஒரு நம்பிக்கை. எனக்கும் இருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தணிகாசலம் கம்பெனி கேட்டுக்கு வெளியே வந்தார். முப்பது வயது, ஒல்லி. அவர் விரல்களில் சாயம் போய்விட்டிருந்தது, நகக்கண்ணில் மட்டும் கொஞ்சம் மிச்சம். நான் யார் என்று சொன்னேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். வெட்டாத குழாய், ஓட்டாத வெள்ளைப் பட்டு, அவருடைய அண்ணன் கேட்டபோது நான் சொன்ன பதில், எல்லாம். மன்னிப்புக் கேட்டேன். காகிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். படித்துவிட்டு மடித்து என்னிடமே நீட்டினார்.

"உங்க மேல கோவம் இல்ல மேடம். உங்களுக்கு என்னையத் தெரியாது, அண்ணனுக்குத் தெரியும்" என்றார். "இத அண்ணன்கிட்டயே குடுங்க. எனக்கு எதுக்கு இது? நான் வாங்கலன்னு எனக்குத்தான் மொதல்லயே தெரியுமே."

சாப்பாட்டு மணி முடிந்து கேட்டை மூடப் போகிறார்கள் என்று யாரோ கூப்பிட்டார்கள். அவர் உள்ளே போய்விட்டார். நான் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு காஞ்சிபுரம் பஸ்ஸுக்கு நின்றேன்.